மூன்று சாவு, எதிர்பார்த்தது எட்டு: சேலத்துத் தீச்செங்கல் ஆலை ஒன்றின் கணக்கு

சேர்வராயன் மலையடிவாரத்தில், கருப்பூர், ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் போனால் மண்ணே வெளுத்துக் கிடக்கும். ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் அங்கேதான் வெட்டப்பட்டது. ஆங்கிலேயர் அந்த இடத்துக்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்ததற்கும் அந்த வெளுப்புதான் காரணம். கல்லை ஒட்டிச் சூளைகளும் பொடி மில்களும், கடும் வெப்பம் தாங்கும் தீச்செங்கல் செய்யும் ஆலைகளும் வந்தன. தலைமுறை தலைமுறையாக அந்தத் தூசியில் நின்று சம்பாதித்தவர்களின் நுரையீரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், பதில் எக்ஸ்ரேயிலிருந்து மட்டும் கிடைக்காது. அவர்களை யாரோடு ஒப்பிடுகிறோம், யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதையும் பொறுத்துத்தான் பதில் அமையும்.

இந்த முறைகளை இளம் மருத்துவர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் சொல்லித் தருவதற்காக நான் அமைத்த மாதிரி நிகழ்வு இது. கீழே வரும் ஆலையும் அதன் எண்களும் கற்பனை. முறைகள், சட்டங்கள், பழைய ஆய்வுகள் பற்றிய செய்திகள் உண்மை. கற்பனை எண்கள்தாம் என்றாலும், இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் இப்படிப்பட்ட ஆலைகளின் பதிவேடுகளைத் திறந்தால் எதிரே வந்து நிற்கக்கூடியது.

நிர்வாகம் வைத்த தாள்

ஆலை வெங்கச்சங்கல்லை உடைத்துப் பொடியாக்கி, சுண்ணாம்பு கலந்து அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு சிலிக்கா தீச்செங்கல் செய்கிறது. வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ், ஏறக்குறைய முழுவதுமே படிகச் சிலிக்கா. சூளையில் வேகும்போது அது கிறிஸ்டோபலைட், டிரிடிமைட் என்று வடிவம் மாறும். குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் தூசியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பக்கத்துச் சுரங்கத்து மேக்னசைட் மெக்னீசியம் கார்பனேட், அதில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் தொழிலாளியின் சட்டையில் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் படியும். அதனால் "வெள்ளைக்கல் தூசி ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற பேச்சு இங்கேயும் தொற்றிக்கொண்டது.

தொழிலாளர்கள் மூச்சுத்திணறல் பற்றிப் புகார் கொடுத்தபோது நிர்வாகம் ஒரு தாளை முன்வைத்தது. 2014 முதல் 2023 வரை பத்தாண்டில் சுமார் 180 பேர் வேலையில் இருந்தார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவர்கள் மூவர். மாவட்டத்தில் அதே வயதினரின் இறப்பு வீதப்படி எட்டுப் பேர் இறந்திருக்க வேண்டும். மூன்றை எட்டால் வகுத்தால் 0.38. "எங்கள் ஆட்கள் ஊராரைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள்" என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த வகுத்தலுக்குத் தரப்படுத்திய இறப்பு விகிதம் என்று பெயர், சுருக்கமாக எஸ்.எம்.ஆர். வகுத்ததில் பிழை எதுவும் இல்லை. மூன்று என்ற சிறிய எண்ணின் தடுமாற்றத்தை பாய்ஸான் முறையில் கணக்கிட்டால் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 0.08 முதல் 1.10 வரை வரும். ஊராரும் இவர்களும் சமம் என்பதைக் குறிக்கும் ஒன்று என்ற எண்ணும் அதற்குள் அடக்கம். ஆகவே "ஆரோக்கியமானவர்கள்" என்ற முடிவே உறுதியாக நிற்கவில்லை. இருந்தாலும் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இடைவெளியின் அகலம் அல்ல. அந்த மூன்றும் எட்டும் யாரைப் பற்றிய எண்கள் என்பதுதான்.

மூட்டை தூக்கவும் கல் உடைக்கவும் ஆள் எடுக்கும்போது நோஞ்சானை யாரும் எடுப்பதில்லை. ஊர்க் கணக்கிலோ படுத்த படுக்கையாகக் கிடப்பவரும், பிறந்ததிலிருந்தே இதயக் கோளாறு உள்ளவரும், வேலைக்கே போக முடியாதவரும் அடக்கம். எனவே எந்த ஆலையை எடுத்தாலும், ஆபத்தே இல்லாத ஆலையானாலும், தொழிலாளர் இறப்பு ஊர் இறப்பைவிடக் குறைவாகத்தான் தெரியும். வில்லியம் ஓகிள் என்ற பிரிட்டன் புள்ளியியலாளர் 1885இலேயே இதைக் கவனித்து எழுதினார். 1970களில் அமெரிக்க ரப்பர் தொழிலாளர்களை ஆய்ந்த ஆன்டனி மெக்மைக்கேலும் அவரோடு இருந்தவர்களும் இதற்கு ஆரோக்கியத் தொழிலாளி விளைவு என்ற பெயரைப் பரவச் செய்தார்கள்.

இரண்டாவது வடிகட்டல் இதைவிடக் கொடுமையானது. சிலிக்காத் தூசி படிந்து நுரையீரல் தழும்பேறும் சிலிக்கா நோய் (சிலிகோசிஸ்) சாதாரணமாகப் பத்தாண்டுக்கு மேல் தூசி சுவாசித்த பிறகு தலைகாட்டும், வேலையை விட்ட பின்னும் முற்றும். மூச்சு வாங்கியவர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலோ சொந்த ஊரிலோ சாவார். 1994இல் சேர்ந்து, 2006இல் நின்று, 2015இல் இறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். நிர்வாகத்தின் தாளில் அவருடைய சாவு இல்லை, அவர் வாழ்ந்த ஆண்டும் இல்லை. பணியில் இருந்தபோது நேர்ந்த சாவை மட்டும் எண்ணுவது, எண்ண வேண்டிய சாவுகளை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு எண்ணுவதாகும்.

ஆட்களைத் திரும்பச் சேர்த்தல்

அதனால் ஒரு கூட்டத்தை வரையறுத்தோம்: 1990 முதல் 2009 வரை சேர்ந்து, குறைந்தது ஓராண்டு வேலை பார்த்த அனைவரும். இப்போது வேலையில் இருக்கிறாரா, நின்றுவிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் பொருட்டல்ல. 2009க்குப் பின் சேர்ந்தவர்களை விட்டதற்குக் காரணம் உண்டு. நோய் வெளிப்பட எடுக்கும் காலம் அவர்களில் பலருக்கு இன்னும் போதவில்லை. அவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் கணக்கு நீர்த்துப்போகும்.

மஸ்டர் ரோல், பி.எஃப். பதிவு, ஈ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தியதில் 620 பேர் கிடைத்தார்கள். ஒரே ஆள் ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்தோடும் இன்னொன்றில் ஊர்ப் பெயரோடும் இருப்பார். கோவிந்தன், கோவிந்தராஜ், கோவிந்தசாமி என்ற மூவரும் ஒருவரா என்று முடிவு செய்யவே நாள்கள் ஓடும். புள்ளியியல் நூல்கள் இந்த வேலைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். என் அனுபவத்தில் ஆய்வின் தரம் பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

620 பேரில் 571 பேர் இருக்கிறார்களா, எப்போது இறந்தார்கள் என்று தெரிந்தது. 49 பேரைப் பற்றித் தகவல் இல்லை. அவர்களை "சாவுச் செய்தி வரவில்லை, ஆகவே உயிரோடு இருக்கிறார்கள்" என்று 2023 வரை கொண்டுபோகக் கூடாது. கடைசியாகப் பார்த்த தேதியோடு அவர்களுடைய காலத்தை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சாகவே முடியாத மனிதர்கள் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் சேர்ந்துகொண்டே போவார்கள், வீதம் தானாகக் குறையும்.

இங்கே அடிப்படை அலகு ஆள் அல்ல, ஆள்-ஆண்டு. மேலே சொன்ன 1994இல் சேர்ந்தவர் ஓராண்டு முடித்த 1995இல் கூட்டத்துக்குள் வருகிறார், 2015இல் இறக்கிறார், ஆக 20 ஆள்-ஆண்டு தருகிறார். அந்த இருபதும் ஒரே வயதில் கழியவில்லை. முப்பதுகளில் சில, நாற்பதுகளில் சில என்று பிரிந்து, அந்தந்த வயதுக்கும் அந்தந்தக் காலத்துக்கும் உரிய மாவட்ட வீதத்தோடு பெருக்கப்படும். எல்லாரையும் இப்படிக் கூட்டியதில் 13,600 ஆள்-ஆண்டு வந்தது.

மொத்த இறப்பு 118. எதிர்பார்த்தது 112.4. எஸ்.எம்.ஆர். 1.05, இடைவெளி 0.87 முதல் 1.26. நிர்வாகத்தின் 0.38 இங்கே 1.05 ஆகிவிட்டது. அதே ஆலைதான், அதே தூசிதான். போனவர்களைச் சேர்த்தோம், அவ்வளவே.

ஆனால் இந்த 1.05ஐ வைத்துக்கொண்டு "ஊருக்கும் ஆலைக்கும் வித்தியாசம் இல்லை" என்று சொல்வதும் தவறு. காரணவாரியாகப் பிரித்தால் படம் இரண்டாக உடைகிறது. இதய, ரத்தக்குழாய் நோய்ச் சாவு 29, எதிர்பார்த்தது 40.2, விகிதம் 0.72. நுரையீரல் நோயும் காசநோயும் சேர்த்து 27, எதிர்பார்த்தது 11.5, விகிதம் 2.35, இடைவெளி 1.55 முதல் 3.42. உடல்வலு பார்த்து எடுத்ததன் பலன் இதய நோயில் தெரிகிறது. மொத்தக் கணக்கில் அது நுரையீரல் பாதிப்பை மூடி மறைத்தது.

காசநோயை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும். எக்ஸ்ரேயில் இரண்டையும் பிரித்தறிவதும் கடினம். கல்பொடி ஆலையில் வேலை பார்த்தவர் இருமலோடு வந்தால், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்காமலே "டி.பி." என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவது நம்மிடம் பரவலாக நடக்கிறது. இரண்டையும் பிரித்து எண்ணியிருந்தால் சிலிக்கா நோயில் பாதி காசநோய்ப் பெட்டிக்குள் போயிருக்கும்.

எதிர்பார்த்த 11.5 என்பதை நான் முழுமையாக நம்பவில்லை. இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவற்றில் வீட்டார் சொன்னதே காரணம். அப்படிப்பட்ட மாவட்ட வீதத்தின் மேல் காரணவாரி ஒப்பீட்டைக் கட்டினால் அடித்தளம் ஆடும். ஆகவே ஊரை விட்டுவிட்டு, ஆலைக்குள்ளேயே அதிகத் தூசி சுவாசித்தவரையும் குறைவாகச் சுவாசித்தவரையும் ஒப்பிட வேண்டியிருந்தது. இருவருமே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள், இருவருடைய சாவும் ஒரே விதமாக விசாரிக்கப்பட்டது.

வாட்ச்மேன்களின் நுரையீரல்

முதலில் கடைசியாகப் பார்த்த வேலையை வைத்துப் பிரித்தோம். கிரஷர், பொடி மில், மூட்டை பிடிக்கும் பிரிவு: 3,600 ஆள்-ஆண்டில் 8 நுரையீரல் சாவு, ஆயிரத்துக்கு 2.2. அச்சும் சூளையும்: 4,600இல் 8, ஆயிரத்துக்கு 1.7. கேட், யார்டு, டிரைவர், ஆபீஸ்: 5,400இல் 11, ஆயிரத்துக்கு 2.0. வித்தியாசமே இல்லை. தூசியே படாத வாட்ச்மேனும் மூட்டை பிடிப்பவரும் ஒரே வீதத்தில் சாகிறார்கள் என்றால் தூசி காரணமில்லை என்றுதான் எவரும் சொல்வார்.

அந்தப் பதினொரு பேரின் பழைய வேலையைத் தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பொடி மில்லில் பல ஆண்டு நின்று, "மூச்சு வாங்குதுங்க, மூட்டை தூக்க முடியலைங்க" என்று சொன்னவரை மேஸ்திரி இரக்கப்பட்டு கேட் வேலைக்கு மாற்றியிருக்கிறார். மாற்றியது நல்ல மனசு. ஆனால் கணக்கில் அவர் தூசியில்லாப் பிரிவின் சாவாகப் பதிவாகிறார். அதே வேளை, மூச்சு நன்றாக உள்ளவர் மட்டுமே பொடி மில்லில் தொடர்கிறார். நோய் ஆளைத் தூசியிலிருந்து வெளியேற்றுகிறது, வெளியேறியதால் தூசி குற்றமற்றதாகத் தெரிகிறது. இதைத் தொழிலாளி பிழைத்திருத்தல் விளைவு என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ராபின்ஸ் 1986இல் எழுதிய நீண்ட கட்டுரை இதற்குத் தீர்வு தேடித்தான் பிறந்தது. காரண காரியப் புள்ளியியலின் ஒரு பெரிய கிளை அதிலிருந்து வளர்ந்தது. ஆலைத் தொழிலாளரின் சாவைச் சரியாக எண்ண வேண்டும் என்ற கவலையிலிருந்து அப்படியொரு கணிதம் வந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மதிப்பூட்டும் செய்தி.

ராபின்ஸின் முறை முழுவதையும் இங்கே கையாளத் தேவையான தரவு இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம்: கடைசி வேலையை விட்டுவிட்டு, வாழ்நாளில் சேர்ந்த தூசியைக் கணக்கிடுவது. ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லிகிராம் நுண் சிலிக்கா இருக்கும் இடத்தில் ஓராண்டு வேலை பார்த்தால் ஓர் அலகு. பழைய காலத்துக்குத் தூசி அளவீடு கிடையாது. வேலைவாரியாக, ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை போட வேண்டியிருந்தது. இதற்கு உதவியவர்கள் பழைய தொழிலாளர்கள். கிரஷருக்கு மேல் தண்ணீர் தெளிப்பான் எந்த ஆண்டு வந்தது, எந்தக் கோடையில் தண்ணீர் இல்லாமல் நிறுத்தினார்கள், மூட்டைப் பிரிவுக்குத் தகரக் கொட்டகை போட்ட பிறகு புகைமூட்டம்போல் தூசி எப்படி நின்றது என்பதையெல்லாம் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து பேசி ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார்கள். யார் இறந்தார், யார் இருக்கிறார் என்பதைப் பார்க்காமல் அட்டவணை நிரப்பப்பட்டது. அதனால் பிழைகள் இருந்தாலும் அவை பெரும்பாலும் உறவைப் பலவீனமாகக் காட்டும், இல்லாத உறவை உண்டாக்குவது அரிது.

இன்னும் இரண்டு கவனங்கள். கடைசிப் பத்தாண்டுத் தூசியைக் கணக்கில் எடுக்கவில்லை, அது நோயை உண்டாக்கி முடிக்கும் காலம் இன்னும் வரவில்லை. அடுத்து, 2008இல் மூன்று அலகைத் தாண்டியவருடைய முந்தைய ஆண்டுகள் குறைந்த தூசிப் பிரிவுகளுக்கே போகும். எல்லா ஆண்டுகளையும் உயர் பிரிவில் கொட்டினால், அங்கே வந்து சேரும் வரை அவர் உயிரோடு இருந்தே ஆக வேண்டிய காலமும் சேர்ந்து வீதத்தைப் பொய்யாகக் குறைக்கும். ஆய்வாளர்கள் இதை ஆங்கிலத்தில் சாகா நேரம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். இதைத் தவறவிட்ட ஆய்வுகள் மருத்துவ இதழ்களில் இன்றும் வருகின்றன.

இப்போது கிடைத்தது இது:

| சேர்ந்த தூசி | ஆள்-ஆண்டு | நுரையீரல் சாவு | ஆயிரத்துக்கு |
|---|---|---|---|
| 1 அலகுக்குள் | 5,000 | 5 | 1.0 |
| 1 முதல் 3 | 4,800 | 8 | 1.7 |
| 3க்கு மேல் | 3,800 | 14 | 3.7 |

மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் 3.7 மடங்கு. ஆனால் அதிகத் தூசி சேர்ந்தவர்கள் வயதானவர்களாகவும் இருப்பார்கள், வயதே பாதிச் சாவுக்குக் காரணமாகலாம். உயர் பிரிவில் ஐம்பதுக்குக் கீழ் 1,600 ஆள்-ஆண்டில் 4 சாவு, ஐம்பதும் அதற்கு மேலும் 2,200இல் 10. குறைந்த பிரிவில் முறையே 3,700இல் 2, 1,300இல் 3. மான்டல், ஹென்ஸல் என்ற புள்ளியியலாளர்கள் 1959இல் தந்த வழியில் இரண்டு வயதுப் பிரிவையும் எடையிட்டுச் சேர்த்தால் 3.7 என்பது 2.6 ஆகக் குறைகிறது. இடைவெளி 0.95 முதல் 7.2.

0.95 என்ற எண்ணின் மேல் நடக்கும் சண்டை

கீழெல்லை ஒன்றுக்குச் சற்றுக் கீழே போய்விட்டது, வித்தியாசமே இல்லை என்ற வாய்ப்பும் இடைவெளிக்குள் வந்துவிட்டது. "புள்ளியியல்படி நிரூபணமாகவில்லை" என்று ஒரு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடலாம். நான் அதை ஏற்கவில்லை. 0.95 முதல் 7.2 என்றால், அபாயம் ஏறக்குறைய இல்லை என்பதோடும் ஏழு மடங்கு என்பதோடும் இந்தத் தரவு ஒத்துப்போகிறது, 2.6ஐ ஒட்டிய மதிப்புகளோடுதான் மிக நன்றாக ஒத்துப்போகிறது என்று பொருள். அபாயம் இல்லை என்று அது சொல்லவில்லை. குறைந்த பிரிவில் ஐந்தே சாவு, அதனால்தான் இடைவெளி இவ்வளவு அகலம். மூன்று படிகளும் ஏறுமுகமாக இருப்பதையும், சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பது உலகம் முழுக்க முன்பே அறிந்த உண்மை என்பதையும் தள்ளிவிட்டு அந்த ஒரு எல்லையை மட்டும் பார்ப்பது நேர்மையான வாசிப்பு அல்ல.

ஆள் எண்ணிக்கை போதாது என்ற வாதமும் வரும். பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால் 1955இல் இங்கிலாந்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை ஒன்றில் இருபதாண்டு வேலை பார்த்த 113 பேரைத்தான் ஆய்ந்தார். நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 11, எதிர்பார்த்தது 0.8. விளைவு பெரிதாக இருந்து, கூட்டம் சரியாக வரையறுக்கப்பட்டிருந்தால் நூறு பேரே போதும்.

பீடி? நியாயமான கேள்வி. பழைய பதிவேட்டில் பீடி பற்றி எதுவும் இல்லை. ஆனால் பீடிதான் காரணம் என்றால் அதிகத் தூசிப் பிரிவினர் மற்றவர்களைவிட மிக அதிகமாகப் புகைத்திருக்க வேண்டும், இதயச் சாவும் கூடியிருக்க வேண்டும். இதயச் சாவு 0.72இல் நிற்கிறது. ஒரே ஆலையில் ஒரே ஊர்க்காரர்களான தொழிலாளர்களுக்கு நடுவே பழக்கம் அவ்வளவு வேறுபடுவது அரிது. சுவீடன் ஆய்வாளர் ஓலாவ் ஆக்செல்சன் 1978இல் காட்டியதும் இதுவே: குழுக்களுக்கிடையே இயல்பாக இருக்கும் புகைப்பழக்க வேறுபாடு மட்டும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குவது கடினம். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு இதைச் சரிபார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காசநோய்க்கும் புற்றுநோய்க்கும்தான் இந்த ஒப்பீடுகள் தேவை, அவை தூசி இல்லாமலும் வரும். சிலிக்கா நோய் வேறெதனாலும் வராது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை பூஜ்யம். ஒரே ஒருவருக்கு அது உறுதியானாலும் தூசிக் கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று பொருள், அங்கே நம்பிக்கை இடைவெளிக்கு வேலையில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது அறிவித்தே ஆக வேண்டிய நோயாக இருந்தது, அதன் இடத்தில் வந்த 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அப்படியே. பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கா-காசநோயும் சேர்ந்தே இருந்தது. புள்ளியியல் முடியும் வரை அறிவிப்பு காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று அலகு என்ற எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்த வரம்பு, பத்தை, குவார்ட்ஸ் விழுக்காட்டோடு இரண்டைக் கூட்டிய எண்ணால் வகுத்துக் கிடைத்தது. சுத்த வெங்கச்சங்கல் தூசிக்கு அது கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 மில்லிகிராம். அந்த வரம்பை மீறாமலே முப்பதாண்டு வேலை பார்த்தவருக்கும் மூன்று அலகு சேர்ந்துவிடும். அமெரிக்கா 2016இல் தன் வரம்பை 0.05 ஆக்கியது.

விடுபட்டவர்கள்

பதிவேட்டில் பெயரே இல்லாதவர்களை இந்தக் கணக்கு தொடவில்லை. பொடி சலித்தவர்களும் சாக்கு உதறித் தைத்தவர்களும் பெண்கள். மேஸ்திரி தலைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிரித்துக் கொடுத்த கூலிக்கு பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. காலிச் சாக்கை உதறும் இடத்துத் தூசி கிரஷர் தூசிக்குக் குறைந்ததல்ல. ஒரு கூட்டத்தைப் பின்தொடரும் இந்த ஆய்வு முறையில் பட்டியலில் இல்லாதவர்களைப் பின்தொடர முடியாது. ஆனால் வேறு வழி உண்டு. நோயுற்றவர்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம்: சுற்றுப்பட்டி ஊர்களில் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களையும், அதே ஊர், அதே வயதில் அந்த நோய் இல்லாத பெண்களையும் எடுத்து, இரு சாராரிடமும் ஒரே கேள்விகளால் வேலை வரலாற்றைக் கேட்பது.

அதில் கேட்கும் விதம் முக்கியம். "ஆலையில் வேலை பார்த்தீர்களா" என்றால் பலர் இல்லை என்பார்கள், ஆலையில் அவர்களுக்கு வேலை என்று ஒன்று எழுத்தில் இருந்ததில்லை. "சாக்கு உதறினீங்களா, பொடி சலிச்சீங்களா, எந்தக் கொட்டகையில, கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, பெரிய பையன் பிறந்தப்ப அங்கேதான் இருந்தீங்களா" என்று கேட்க வேண்டும். கேள்வித்தாளின் முதல் வடிவம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கேட்பவர் எதிரே இருக்கும் பெண் நோயாளியா, ஒப்பீட்டுக்கு எடுத்தவரா என்று அறியாதபடி வீடுகளின் வரிசை கலைக்கப்பட்டு அவர் கைக்குப் போகும்.